பெஞ்சின் இடது ஓரம்

"வலது ஓரமா உக்காரு. இடது பக்கம் உக்காந்தா புறா தலையில போட்டுடும்."

கோட்டை வாசலில் அக்கா எனக்குக் கொடுத்த டிப்ஸ் இது. வழிநெடுகக் கொடுத்தவை தனி.

அக்கா என்றால் என் ஓரகத்தி, கணவருடைய அண்ணனின் மனைவி. இந்தப் பழைய ஊருக்கு நான்கு முறை வந்து போனவள். எங்கள் சொந்தத்தில் யார் இங்கே கிளம்பினாலும் முதல் போன் அவளுக்குத்தான் போகும்.

கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இந்தப் பயணத்தில் அவள் சொன்னதில் ஒன்றாவது தப்பாக வேண்டும், எல்லார் முன்னாலும் அவள் மூக்குடைபட வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டுதான் வந்தேன்.

எதுவும் தப்பாகவில்லை.

பின்வாசலில் கூட்டமே இல்லை. புத்தகக் கடைக்குப் பின்னால் இருந்த கழிப்பறை பளபளவென்று இருந்தது. டீக்கடைக்காரம்மா கேட்ட உடனே பால் புட்டிக்கு வெந்நீர் ஊற்றித் தந்தாள். மரத்தடி நிழல் மதியம்வரை பெஞ்சை விட்டு நகராது என்று அக்கா சொல்லியிருந்தாள், நகரவில்லை. புறாகூட ஏமாற்றவில்லை. என் கண் முன்னாலேயே இடது ஓரத்தில் உட்கார்ந்த ஒரு வெளியூர்க்காரரின் தொப்பியில் சொத்தென்று போட்டது.

அக்காவின் கணவர் டிக்கெட்டுகளோடு வந்தார். மூத்த பிள்ளை என்பதால் வீட்டில் எல்லாருக்கும் அவர் பெரியவர். மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, என் கணவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. கொடுத்து முடித்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டார்.

அக்கா அதற்குள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பைகளையெல்லாம் இழுத்துக் காலடியில் வைத்து, யாரும் ஒன்றைத் தனியாகத் தூக்க முடியாதபடி பிடிகளைச் சேர்த்து ஒரு துண்டால் கட்டினாள். பிறகு என் குழந்தைக்காக இரண்டு கைகளையும் நீட்டினாள்.

நானும் கொடுத்துவிட்டேன். கை தானாகப் போனது.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

வாசல். கழிப்பறை. வெந்நீர். நிழல். புறா. இவ்வளவு நாளாக அவள் சொன்னதில் ஒன்றுகூட அந்த மதிலுக்கு உள்ளே இல்லை.

முதல் தடவை அவளுடைய மூத்தது கைக்குழந்தை. அடுத்த தடவை இளையது. அதற்கடுத்து மாமியாரின் முழங்கால் வலி, பிறகு நாத்தனாரின் இரட்டைக் குழந்தைகள். எல்லாம் நான் கேட்டறிந்த கதைகள்தான், சேர்த்துப் பார்த்ததில்லை. இந்தத் தடவை என் பிள்ளை.

வசமாகச் சிக்கிவிட்டாள். உள்ளே எத்தனை மாடி அக்கா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், அத்தனை பெருமையும் அந்த இடத்திலேயே காலி. கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

கேள்வியை விழுங்கினேன். குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு என் டிக்கெட்டை அவள் கையில் வைத்தேன்.

"அவளுக்கு எதுக்கும்மா? அவதான் நாலு தடவை பாத்துட்டாளே," என்றார் பெரியவர். அவர் மனதில் கள்ளமில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதனாலதான் மாமா. தெரிஞ்சவங்க முன்னால போனாத்தானே உங்களுக்கெல்லாம் வழி தெரியும்."

அக்கா எழுந்தாள், புடவையை உதறிச் சரி செய்துகொண்டாள், எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த காவலாளிக்கு வழக்கமாக வருகிறவளைப் போலத் தலையசைத்தாள். அந்த நெஞ்சழுத்தத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

நான் வலது ஓரத்தில் உட்கார்ந்தேன். குழந்தை தூங்கிப்போனது. எதிரே மதில், மதிலுக்கு மேல் கோபுரம், கோபுர உச்சியில் வரிசையாகச் சன்னல்கள். பார்க்க வேறொன்றும் இல்லை.

வெகுநேரம் கழித்து ஒரு சன்னலில் கை ஒன்று தெரிந்தது. பிறகு இரண்டு கைகள். பிறகு, பைகளைக் கட்டியதைப் போலவே இன்னொரு துண்டு கொடி போலப் பறந்தது.

எழுந்து நின்று, தூங்குகிற பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீக்கடைக்காரம்மாவும் எதற்கென்று தெரியாமல் கரண்டியைத் தூக்கி ஆட்டினாள்.

திரும்பி வரும்போது அக்காவின் முடி கலைந்திருந்தது, முகமெல்லாம் வியர்வை. பெரியவருக்கு எதையோ கை நீட்டி விளக்கிக்கொண்டே வந்தாள். அவர் பணிவாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். என் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"மேல் மாடியில ரெண்டாவது சன்னல்ல நின்னா இந்த பெஞ்ச் பளிச்சுனு தெரியுது. இனிமே யார் போனாலும் அங்க நின்னு கை ஆட்டச் சொல்லணும்."

அவள் கண் கலங்கியிருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

பிறகு குழந்தையை என்னிடமிருந்து வாங்கிப் பெரியவரின் தோளில் போட்டாள். பைகளைக் காட்டினாள். வெளியே வரும்போதே எங்கள் இரண்டு பேருக்கும் புதிதாக டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் நின்று இருவரும் திரும்பிப் பார்த்தோம். பெரியவர் பிள்ளையோடு பெஞ்சின் முன்னால் நின்று, எங்கே உட்காரலாம் என்று யோசித்தார். பிள்ளைக்கு நிழல் நன்றாக விழும்படி வலது ஓரத்தில் அவனைப் படுக்க வைத்தார். தான் இடது ஓரத்தில் உட்கார்ந்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை.