லிட்டருக்குப் பதினாலு

மாதம் தவறாமல் காரின் மைலேஜ் பார்க்க வந்துவிடுவார் தில்லைநாயகம். தென்காசி மெக்கானிக் ஜெனோ தலையைச் சொறிந்தான்.

“டயர்ல காத்து சரியா இருக்கு. பில்டர் புதுசு. மேல இருந்த கேரியரையும் கழட்டியாச்சு. ஒத்தையாளா ஓட்டுத வண்டி இருபது கொடுக்கணும் அண்ணாச்சி. பதினாலுதான் கொடுக்குது. பின்னால ரெண்டு பேரு இருக்க மாதிரில்லா இழுக்குது. எஞ்சினைப் பிரிச்சுப் பாத்திருதேன்.”

“வேண்டாம்லே.”

போன ஆடியில், குற்றாலத்துக்குக் குளிக்க வரும் வழியில், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று புளியரை மலைப்பாதை இறக்கத்தில் இதே வண்டியின் எஞ்சினை அணைத்து உருளவிட்டவர் அவர். பிரேக் பிடிக்கவில்லை. பின் சீட்டில் இருந்த மனைவியும் மகளும் பிழைக்கவில்லை.

தில்லைநாயகம் பின் கதவைத் திறந்து, சற்றுக் காத்திருந்து, மெதுவாகச் சாத்தினார்.

“அடுத்த மாசமும் பதினாலுதான வரும், லே?”