போர்க்களத்தில் காணாமல் போனவர்கள்

"மறுபடியும் மண்டை ஓட்டைக் காணோம்!"

டைரக்டர் வாலென்டி போட்ட சத்தத்தில், செத்துக் கிடந்த துணை நடிகர்களே கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

போலந்தில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் படித்த நாவல். அதில் வரும் சுவீடன் படையுடனான போர் நிஜமாகவே நடந்த வயலிலேயே படப்பிடிப்பு.

"போக்னா, செட் சாமான்களுக்கு நீதானே பொறுப்பு? இன்னிக்குத் திருடன் சிக்கலைன்னா நீ பெட்டியைக் கட்டிடு!"

போக்னா நாயாய் அலைந்து வாங்கிய வேலை. சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"பனி இறங்கினா யாரோ முணுமுணுத்துக்கிட்டே எங்க நடுவுல நடக்கறாங்கம்மா," என்று காலடியில் கிடந்த பிணம் கிசுகிசுத்தது. "குனிஞ்சு மூஞ்சி மூஞ்சியாப் பாக்கறாங்க."

"நடிப்புதான் வரலை, கதை நல்லா விடறே. படு!" என்று வாலென்டியின் அதட்டல் வந்தது.

மதியமே பனி மூடிக்கொண்டது. அதற்குள் ஓர் உருவம். பழைய சுவீடன் படை உடுப்பு, தோளில் சாக்கு. பிணங்களுக்கு நடுவே குனிந்து எதையோ எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் நகர்ந்தது.

மயிர்க்கூச்செறிய, போக்னா பின்னாலேயே போனாள்.

மரத்தடியில் சின்னச் சின்ன மண்மேடுகள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகுவத்தி. ஜெபத்தை முணுமுணுத்தபடி அங்கே மண்டியிட்ட உருவம் தொப்பியைக் கழற்றியது. துணை நடிகர் இக்னாட்சி!

"அட, நீங்கதானா அது? என் வேலைக்கு உலை வைக்கறீங்களே!"

சாக்கைப் பிடுங்கிக் கையை விட்டாள். சில்லென்றது. வெளியே எடுத்த மண்டை ஓட்டின் கண்குழி வழியாக வேர் ஓடியிருந்தது.

"உங்க பிளாஸ்டர் பொம்மை மண்டை ஓடெல்லாம் அங்கேயேதாம்மா இருக்கு. இவங்க, செட்டுக்காகப் பள்ளம் தோண்டினப்ப மண்ணுக்குள்ளேர்ந்து வந்தவங்க. கல்லறைத் திருநாள் வருது. மெழுகுவத்தி ஏத்த ஆளில்லாம விடலாமா?"

அவள் மண்டை ஓட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இது... நம்மாளா, சுவீடன்காரனா?"

"மண்டை ஓட்டுல கொடியா ஒட்டியிருக்கு?"

இடுப்பில் வாக்கிடாக்கி அலறியது.

"போக்னா! பிளாஸ்டர் பொம்மையை வெச்சு ஒப்பேத்தலாம்னு பாக்காதே. அந்த நிறம் அதுல வராது. மண்ணுலேர்ந்து எடுத்ததுதான் எனக்கு வேணும். திருடன் கிடைச்சானா, இல்லையா?"

நிஜ எலும்பு என்று தெரிந்தேதான் டைரக்டர் செய்திருக்கிறான்.

இக்னாட்சி தோண்டி வைத்திருந்த குழிக்குள் போக்னா மண்டை ஓட்டை மெல்ல இறக்கினாள். இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினாள். பிறகுதான் பொத்தானை அமுக்கினாள்.

"திருடன் யாரும் இல்லை சார். அவங்களாவே எந்திரிச்சுப் போயிட்டாங்க."