பயில்வான் போட்ட முட்டை

கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கக் கையை விட்டபோது, ஈரப் பாசிக்கு அடியில் இரண்டு முட்டைகள் தட்டுப்பட்டன.

பயில்வான் ஓரமாகப் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. வயிறு ஒட்டிப் போயிருந்தது.

அது ஆண் என்றுதான் ஹம்மாத் சொல்லியிருந்தார். பெயர் வைத்ததும் அவர்தான். உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி போட்ட வெளிநாட்டுப் பல்லி. சுவரில் ஏறக்கூடத் தெரியாது, வாலில் மட்டும் நல்ல சதை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரோடு இருந்தது. அறையில் பாதி அதற்கு, மீதிதான் எனக்கு.

தேனாம்பேட்டை சிக்னலுக்குச் சற்று முன்னால் வண்டி சறுக்கி விழுந்து ஹம்மாத் மௌத்தாகிவிட்டார். அன்றிலிருந்து நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் அந்த வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்க வேண்டிய காலம் அது. எனக்கொன்றும் கஷ்டமில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டேன், படு என்றால் படுத்தேன். பல்லிக்குப் புழு போடு என்று யாரும் சொல்லவில்லை. அதை மட்டும் நானாகச் செய்தேன்.

மாமியைக் கூப்பிட்டேன்.

மாமி என்றால் ஹம்மாதின் அம்மா, ஹாஜிரா பீ. பல்லியை அடித்தால் நன்மை என்று கேட்டு வளர்ந்தவர். அந்தச் சனியன் இருக்கும்வரை மகன் அறையில் கால் வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தவர். இப்போது பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“உள்ள உசுரு கீதான்னு பாக்கணுமே” என்றார்.

அந்த வீட்டில் அப்போது எல்லோருக்கும் அதே கேள்விதான், என் விஷயத்தில்.

எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. பிள்ளை தங்கியிருந்தால் இத்தா பிரசவம் வரைக்கும் நீளும். நான் இங்கேயே இருப்பேன், ஹம்மாதின் பிள்ளை இந்த வீட்டில் பிறக்கும். இல்லையென்றால் இத்தா முடிந்த கையோடு அம்மா வந்து ஈக்காட்டுத்தாங்கலுக்கு அழைத்துப் போய்விடுவாள். எனக்கு வேறு இடம் பார்க்கிற பேச்சு அங்கே தொடங்கியாயிற்று. மாமாவும் இல்லாத இந்த வீட்டில் மாமி ஒண்டியாகக் கிடப்பார்.

மருந்துக் கடையில் கர்ப்பம் பார்க்கும் பட்டை வாங்கிப் பார்த்துவிடலாம் என்று அம்மா தினமும் போனில் சொல்வாள். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று மாமி தினமும் தள்ளிப்போடுவார். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். எனக்கு வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

பயில்வானைக் கொடுத்த அயானுக்கு மாமியே போன் போட்டார். இருட்டில் முட்டையைப் புரட்டாமல் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டுமாம். சிவப்பாக நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது, வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் ஒன்றுமில்லை. ஜோடி இல்லாத பெண்ணும் சில சமயம் இப்படிச் சும்மா போட்டுவைக்கும் என்றும் சொன்னான். மாமி அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை.

ஜன்னலைச் சாத்தினேன். முதல் முட்டைக்கு அடியில் போன் வெளிச்சத்தைக் காட்டினேன். மஞ்சள். அடுத்ததும் மஞ்சள்தான்.

மாமி முகத்தை அருகில் கொண்டுவந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கை வலித்தது.

அப்போது மாமியின் போன் அடித்தது. அம்மாதான். மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எதுவும் தெரிந்ததா என்று அம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

“தெரிஞ்சுபோச்சு சம்மந்தி. முழுகாமத்தான் கீறா. இனிமே புள்ள பொறக்கிற வரைக்கும் இங்கதான்.”

அம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அழுதாள். மாமி போனை வைத்தார்.

பாவம், மகன் போனதில் மாமிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். மஞ்சள்தானே மாமி, சிவப்பே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன்.

மாமி எழுந்துபோய்த் தன் புர்காவுக்கு அடியில் வைத்திருந்த ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டது. நாப்கினை மட்டும்தான் கடையில் அப்படி மூடி மறைத்துத் தருவார்கள்.

காலையிலேயே எனக்கு வந்துவிட்டிருந்தது. பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

“லுஹருக்கு நீ தொழலியேம்மா” என்றார் மாமி.

விலக்கு நாளில் தொழுகை கிடையாது. மத்தியானம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது நான் பாட்டுக்குப் புழு டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். துணியை மறைத்தவளுக்கு அதை மறைக்கத் தோன்றவில்லை. மாமி பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுக் கடைக்கும் போய் வந்திருக்கிறார். முட்டையில் உயிர் தேடியதெல்லாம் அதற்கப்புறம்தான்.

மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாசிக்கு அடியில் வைத்து மூடினார். பயில்வான் எழுந்து வந்து அந்த விரலை முகர்ந்தது. மாமி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அம்மா என் போனுக்கே கூப்பிட்டாள். நிஜம்தானா, உன் வாயால் சொல்லு என்றாள். சமையலறையில் பாத்திரம் துலக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

“நிஜம்தாம்மா” என்றேன்.