மைனாவின் புல்

திருவனந்தபுரம் விமான நிலையத்தில், சங்குமுகம் கடல் பக்கமிருந்து வரும் சாயங்கால வெயில் விமானத்தின் வயிற்றில் மஞ்சளாய்ப் படிந்திருக்கிறது. பயணிகள் வரத்து குறைந்துபோனதால் கம்பெனி இதைப் பறக்கவிடாமல் ஓரங்கட்டி வைத்திருக்கிறது. என்ஜின் வாயை மூடிக் கட்டிய சிவப்பு உறை காற்றில் படபடக்கிறது. டெக்னீஷியன் ரேஷ்மி ஏணியில் நின்று, வால்பக்க இடுக்கில் கைவிட்டு மைனாக் கூட்டைப் பிடுங்குகிறாள். காய்ந்த புல், கோழி இறகு, யாருடைய பெட்டியிலிருந்தோ கிழிந்த துபாய் டேக். நல்லவேளை, முட்டை இல்லை. நேற்றும் இதே இடத்தில்தான் பிடுங்கினாள்.

ஏணியைப் பிடித்திருக்கும் சீனியர் சுதீஷ், "ரெண்டு வாரத்துல பறக்கும்னுதானே ஆபீஸ்ல சொல்லியிருக்கு, பின்னெ எதுக்கு மோளே இந்த முகம்?" என்கிறார்.

"அது போன மாசம் சொன்னது, அண்ணா."

அவர் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். நிற்கிற விமானத்துக்கு இத்தனை வேலையாள் எதற்கென்று ஆபீஸில் யாரும் இன்னும் கேட்கவில்லை. கூட்டைப் பையில் திணித்துக்கொண்டு ரேஷ்மி இறங்குகிறாள். ஏணி மடங்கும் சத்தம் வெட்டவெளியில் படாரென்று கேட்கிறது. இறக்கை நுனியில் உட்கார்ந்திருக்கும் மைனா அசையவில்லை. அலகில் புதுப் புல்லோடு, இவர்கள் போவதற்காகக் காத்திருக்கிறது.