பன்னிரண்டாவது சிரிப்பு

“யம்மா, மூஞ்சிய கொஞ்சம் இந்தாண்ட திருப்பு. லைட்டு விழல” என்றான் கேமராக்காரன்.

ஞானம்மா திருப்பினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் மாலையோடு படுத்திருந்தான் மகன் அன்புராஜ். மூக்கில் பஞ்சு, தலையைச் சுற்றி வெள்ளைத்துணி, கோத்த விரல்களில் ஜெபமாலை. பெட்டி உர்ரென்று உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பூத்த ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் ஷாமியானா. தெருவே கூடியிருந்தது. எல்லோரும் அழுதார்கள். அழ வேண்டியவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை.

“அழுவு ஞானம்மா. ஒரு வாட்டி வாய்விட்டு அழு” என்று தோளை உலுக்கினாள் ஆரோக்கியமேரி. பக்கத்து வீடு. கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் ஞானம்மாவோடு பதினெட்டு வருஷம் குப்பை கூட்டியவள். “பெத்தவ கல்லு மாதிரி உக்காந்துகினு இருந்தா பாக்குறவன் இன்னா சொல்லுவான்?”

“வந்தாத்தான அழுவுறதுக்கு? உனுக்கு வருது, அழுவுற. என்னிய உடு.”

கேமராக்காரன் சலித்துக்கொண்டான். ஞானம்மா இடுப்பில் செருகியிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அன்புராஜும் முதலில் அந்த மில்லில்தான் இரும்பு சுமந்தான். ஒருநாள் வேலைக்கு மட்டம் போட்டு, கவரைப்பேட்டையில் முதல் ரயிலைப் பிடித்து வடபழனிக்குப் போனான். கிடைத்த முதல் வேஷம், பிணம். கொசு கடித்தாலும் அசையமாட்டான் என்று பெயர் வந்துவிட்டது. மொத்தம் பதினொரு படங்களில் செத்தான்.

முதல் படத்தைத் தியேட்டரில் பார்த்தபோது ஞானம்மா எழுந்து நின்று அலறிவிட்டாள். “யக்கா, படம்தான். உக்காரு, மறைக்குது” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அன்று சாயங்காலமே அன்புராஜ் போனில் ஒரு துண்டுப் படத்தைக் காட்டினான். அதில் அவன் மாலையோடு எழுந்து உட்கார்ந்து பல் தெரியச் சிரித்தான்.

“சீன் முடிஞ்சாலும் கேமராவ நிறுத்தமாட்டாங்கம்மா. பொணமா படுத்தவன் எந்திரிச்சி, அதப் பாத்து சிரிக்கணும். அதையும் புடிச்சிட்டாத்தான் தோஷம் போவும்.”

“ஐஸு பொட்டியில படுத்தியே, வெறைக்கலையாடா நைனா?”

“அதுக்கு கரண்டே குடுக்கமாட்டாங்க. சத்தம் வந்தா டயலாக்கு கெட்டுப்பூடும்.”

அதற்கப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் முதலில் சிரிப்பை அனுப்பிவிடுவான். மகன் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் மகன் சாவைப் பார்ப்பாள் ஞானம்மா. பதினொரு சிரிப்பும் அவள் போனில் பத்திரமாக இருந்தன.

பிறகு ஒற்றை வரி பேசும் போலீஸ்காரனாக வந்தான். அடுத்தவர் பெயரில் வசனம் எழுதிக் கொடுத்தான். பதினான்கு வருஷம் கழித்து, அவனே எழுதி, அவனே நடித்து, அவனே இயக்க ஒரு படம் கிடைத்தது. மில்லில் செத்துப்போகும் ஒரு தொழிலாளியின் கதை.

“நீதாம்மா இதுல அம்மா. நம்ம ஊட்டு வாசல்லதான் கடைசி சீனு. தெருக்காரங்கதான் கூட்டம்.”

“போடா. மில்லுல குப்ப கூட்டுறவளுக்கு இன்னாடா நடிப்பு?”

“நீ நடிக்கவே தேவையில்ல. நான் செத்துக் கெடப்பேன். நீ அழணும். அவ்ளோதான்.”

“முடிஞ்சதும் எந்திரிச்சி டீ கேக்கப்போற. உன்னப் பாத்து எனக்கு எப்படிடா அழுகை வரும்?”

“வரும்மா. வர்ற மாதிரி எழுதியிருக்கேன்.”

முந்தாநாள் மில்லில், தொழிலாளி கிரேனிலிருந்து விழும் சீனை எடுத்தார்கள். டூப் வேண்டாம் என்று அன்புராஜே ஏறினான். அதோடு படத்தில் பாக்கி நின்றது ஒரே சீன். வாசலில் பெத்தவள் அழும் சீன்.

இன்று மேக்கப்காரரிலிருந்து லைட்மேன் வரை யூனிட் ஆட்கள் அத்தனை பேரும் விடியும்போதே வந்துவிட்டார்கள். உதவி இயக்குநர் நியாஸ் பெட்டியின் தலைமாட்டிலேயே நின்றான். பழவேற்காட்டுக்காரன், வடபழனியில் அன்புராஜோடு ஒரே அறையில் பட்டினி கிடந்தவன்.

“நியாஸு” என்று மெதுவாகக் கூப்பிட்டாள் ஞானம்மா. “நான் சரியா அழலன்னா அவன் திட்டுவானா?”

நியாஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

“யம்மா, ஒரே ஒரு வாட்டி பொட்டி மேல சாஞ்சி பேரு சொல்லிக் கூப்பிடு. போதும்” என்று கேமராக்காரன் இன்னும் கிட்டே வந்தான்.

ஞானம்மா சாய்ந்தாள். கண்ணாடி சில்லென்று கன்னத்தில் ஒட்டியது. “அன்பு” என்றாள்.

தெருமுனையில் வண்டி ஹாரன் அடித்தது. பாதிரியார் வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். நியாஸ் முன்னால் வந்து கேமராவின் கண்ணைக் கையால் பொத்தினான்.

“போதும். எல்லாத்தையும் நிறுத்துங்கய்யா.”

கேமராக்களில் ஒவ்வொன்றாகச் சிவப்பு விளக்குகள் அணைந்தன. ஒருவன் வீட்டுக்குள் போய் சுவிட்ச் போர்டிலிருந்து ஒயரைப் பிடுங்கினான். காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்த பெட்டி அடங்கியது. நாலு பேர் குனிந்து அதைத் தூக்கக் கை வைத்தார்கள்.

ஞானம்மா பாய்ந்து நியாஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நிறுத்தச் சொல்லாத நியாஸு. எம்புள்ள இன்னும் எந்திரிச்சி சிரிக்கல.”