பி.பி. நம்பர்

“அபிசா, ஓடியா. துபாய் லைன்ல நிக்குது.”

மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பஞ்சவர்ணக்காவின் குரல். என் பெயர் ஹஃபீசா. என் வீட்டுக்காரர் ஜாவித் இருப்பது ஷார்ஜாவில். இரண்டையும் அக்காவுக்குத் திருத்திச் சொல்லிச் சொல்லி நான்தான் களைத்துப்போனேன்.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. இன்று செவ்வாய்க்கிழமை. அவர் கூப்பிடுவது வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த பிறகு. அதுவும் இப்போது எங்கள் வீட்டிலேயே போன் இருக்கிறது. லப்பைக்குடிக்காட்டில் நாள் தப்பி, இடம் தப்பி வரும் போன் நல்ல சேதி கொண்டுவராது.

“நம்ம வூட்லதான் போன் இருக்குதே, அங்க ஏன் பண்றான்?” என்றார் என் மாமியார்.

“ஒங்க லைன் கெடைக்கலையாம், அதான் என் நம்பருக்கு வந்திருக்கு” என்று சுவரே பதில் சொன்னது.

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன். செருப்பு போடவில்லை. யா அல்லாஹ், அவருக்கு வேலையே உயரமான கட்டடங்களில்தான்.

அக்கா வீட்டு வாசலை மிதித்து மாதக்கணக்காகிவிட்டது.

கல்யாணமாகி வந்த புதிதில் தெருவிலேயே அக்கா வீட்டில்தான் போன். ஊரெல்லாம் அந்த நம்பரைக் கொடுத்து, அடுத்த வீட்டு போன் என்று தெரிவதற்காகப் பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொள்வோம். மணி அடித்ததும் அக்கா ரிசீவரை மேசையில் படுக்க வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள். நான் பேச ஆரம்பித்தால் அடுப்படிக்குப் போய் வெறும் மிக்சியை ஓடவிடுவாள். புருஷன் பெண்டாட்டி பேச்சு தன் காதில் விழக்கூடாதாம். அதில் ஒரு மிக்சி புகைந்தே போனது.

பாதிப் பேச்சில் லைன் அறுந்துவிடும். மறுபடி வரும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் நாங்கள் சிரித்தோம், அழுதோம், இரண்டு மாமியார்களையும் பேசித் தீர்த்தோம். பிறந்த வீட்டை விட்டு வந்தவளுக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே சிநேகிதி அவள்தான்.

பிறகு எங்கள் வீட்டுக்கே போன் வந்தது. தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தோம். அக்காவுக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனிமேல் நீ எதுக்கு வரப்போற என்று சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மாமி கெட்டவர் இல்லை. காரணமில்லாமல் மருமகள் வாசல் தாண்டுவது அவருக்கு ஒப்பாது, அவ்வளவுதான். இருந்த ஒரே காரணமும் எங்கள் கூடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அதன்பின் அக்காவும் நானும் கொடியில் துணி காயப்போடும்போது சுவருக்கு மேல் தலையாட்டிக்கொள்வதோடு சரி.

மூச்சு வாங்க உள்ளே போனேன்.

ரிசீவர் மேசையில் படுத்திருக்கவில்லை. போன் தன் பூப்போட்ட உறையைப் போர்த்திக்கொண்டு பேசாமல் இருந்தது. பக்கத்தில் இரண்டு டம்ளர் டீ, ஆறாமல்.

“என்னக்கா, அவருக்கு என்ன?”

“அவருக்கு ஒண்ணுமில்லடி. நல்லாருக்காரு.” மெதுவாகச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

இவளை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. கட்டிக்கொண்டேன்.

அக்கா என்னை விலக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு எங்கள் வீட்டுப் பக்கமாக முகத்தைத் திருப்பி, மாமிக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

“லைன் கட்டாயிடுச்சு அபிசா. உக்காரு, திரும்ப வரும்.”

பொழுது சாய்ந்து மஃரிபுக்கு பாங்கு சொல்லும்வரை அந்த போன் அடிக்கவே இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.