ஷாபூரின் பரம்பரை

“இதோட தாத்தாவுக்குத் தாத்தா அரண்மனையில காவல் இருந்தது ஐயா. குட்டியிலேர்ந்து நானே வளர்த்தேன். பேரு ஷாபூர்,” என்றான் பெஹ்ரங்.

மலையடிவாரத்தில் உட்கார்ந்திருந்த ஷாபூர் பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டது.

ஓய்வுபெற்ற கர்னல் இஸ்ஃபந்தியார் தலையை மட்டும் ஆட்டினார். மனைவி போய் ஏழு வருஷமாகத் தனிக்கட்டை. ஒரே மகள் பரஸ்தூ. அவளைப் பெண் கேட்டு வருகிறவனை ஒரு வெள்ளிக்கிழமை மலையேற வைத்துத்தான் எடை போடுவார். ஏற்கெனவே மூன்று பேர் பாதி மலையிலேயே மாப்பிள்ளை ஆசையை விட்டுவிட்டு இறங்கியிருந்தார்கள்; பெஹ்ரங் நாலாவது.

“தர்பந்த் பக்கமே போயிருக்கலாம் தம்பி. எல்லாரும் அங்கதானே போறாங்க?” என்றார் மூன்றாவது தடவையாக.

“அங்க டெஹ்ரானே திரண்டு வந்து நிக்கும் ஐயா. நாயைப் பாத்தாலே முகத்தைச் சுளிப்பாங்க. இந்த சியாசங் மலைக்கு ஈ காக்கா வராது. பாதையே நானும் ஷாபூரும் கண்டுபிடிச்சதுதான்.”

ஷாபூர் எழுந்து வந்து, நேராகக் கர்னலின் இடது கோட்டுப் பைக்குள் மூக்கை நுழைத்தது. அவர் சட்டென்று பையைப் பொத்திக்கொண்டார்.

“நல்ல மனுஷங்களை அது பாத்த உடனே கண்டுபிடிச்சிடும்!” என்றான் பெஹ்ரங்.

ஏறினார்கள். நாய் முன்னால் போனது. வளைவுக்கு வளைவு நின்று, இரண்டு பேரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டது. “ஷாபூர், நில்!” என்று பெஹ்ரங் கத்தியபோது மட்டும் நிற்கவில்லை.

“காது மந்தமோ?”

“அரண்மனை ரத்தம் ஐயா. மரியாதை இல்லாம கூப்பிட்டா பிடிக்காது.”

இரண்டு மணி நேரம் கழித்து, மேலே ஒரு டீக்கடையின் புகை தெரிந்தது. கர்னல் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

“போதும் தம்பி. முட்டி வலிக்குது. மீதியைக் கீழ போய்ப் பேசிக்கலாம்.”

“இன்னும் பத்து எட்டுதான்! நீங்க பாதியில திரும்பினீங்கன்னு தெரிஞ்சா பரஸ்தூ என்னைத்தானே திட்டுவா?”

கர்னல் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் நடந்தார்.

கடைக்காரர் யதுல்லா வெளியே வந்தார். மனிதர்களை விட்டுவிட்டு நாயைத்தான் விசாரித்தார்.

“வாடா பஷ்மக்! என்னடா, இன்னிக்கு ரெண்டே கிராக்கிதானா?” என்று ஒரு எலும்பை வீசினார். பிறகு பெஹ்ரங்கிடம் பெருமையோடு, “நம்ம நாய்தான். விடிஞ்சா அடிவாரத்துல போய் நின்னுக்கும். ஏமாந்தவன் எவனாவது வந்தா, ஒட்டிக்கிட்டு நேரா இங்க கூட்டிட்டு வந்துடும்,” என்றார்.

பெஹ்ரங்கின் முகம் வெளுத்தது. கர்னலின் முட்டிவலி பறந்தது. முதுகு ராணுவ அணிவகுப்பில் நிற்பதுபோல நிமிர்ந்தது.

“அரண்மனையாம், காவலாம்! தெருவுல பாத்த நாயை என் நாய்ங்கிறவன், நாளைக்கு எதைத்தான் சொல்ல மாட்டான்? பொய் பேசறவனுக்கு என் பொண்ணு கிடையாது. இறங்குடா கீழ!” என்று தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்தார்.

தொப்பியில்லாத அந்த வழுக்கையை யதுல்லா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அட, கர்னல் ஐயா! போன வெள்ளிக்கிழமை உங்ககூட வந்த அந்த அம்மாகிட்ட இதை உங்க நாய்னுதானே சொன்னீங்க?”